இருமுறை தீ கண்டவள்

அந்த வருடங்களில் எனக்கு நிலாவைக் கண்டாலே ஆகாது. வானத்து நிலா என்னை ஒன்றும் செய்யவில்லை. கல்யாண வாழ்த்து மடலில் வருகிற நிலாவைத்தான் சொல்கிறேன். விருத்தாசலத்தில் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் முதலில் சந்தனமும் கற்கண்டும் தருவார்கள், கொஞ்ச நேரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு காகிதம் கைக்கு வரும். அதில் மணமகள் நிலா, மணமகன் சூரியன். இரண்டும் ஒன்றாக மேடையில் உட்கார்ந்தால் அன்றைக்கு ஊருக்குப் பகலா இரவா என்று எழுதியவர் யோசித்திருக்க மாட்டார். பந்தி முடிந்ததும் பாதிப்பேர் அந்தக் காகிதத்தில்தான் கை துடைப்பார்கள். சரியான காரியம்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளையோடும் பெண்ணோடும் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து ஒரு வாழ்த்துக் கவிதை அச்சடிப்பார்கள். ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில் கொடுப்பார்கள். மற்றவை சபையில் விநியோகம். கூட்டத்தில் குரல் உள்ள யாராவது மைக்கில் வாசிப்பார்கள். யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் வாசிக்காமல் விட்டால் எல்லோருக்கும் குறையாகத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருந்த அச்சகக்காரர் இந்தக் கவிதைகளை ரெடிமேடாகவே வைத்திருந்தார். "மூணு மாடல் இருக்குதும்மா. நெலா மாடல், மல்லி மாடல், தென்றல் மாடல். பேர மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போ, சாயங்காலம் வந்து வாங்கிக்க" என்பார். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால்கூட அளவு எடுப்பார்கள். இங்கே அதுகூடக் கிடையாது. எனக்குக் காது மடல் சூடாகிவிடும்.

நான் அப்போது ஒரு பீங்கான் பொம்மை கம்பெனியில் பெயிண்டிங் பிரிவில் இருந்தேன். தபால் வழியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் பிரிவில் எனக்குக் கவிஞர் என்று பட்டம். மரியாதையும் கிண்டலும் கலந்த பட்டம், கிண்டல் கொஞ்சம் தூக்கல். எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. ஒரு பொம்மைக்குப் புருவம் போட்டுவிட்டு எழுந்து ஜன்னல் வரை போவேன், திரும்பி வந்து அடுத்த புருவம். "உனக்கு ஸ்டூலு எதுக்கு, நின்னுக்கிட்டே வேல செய்யி" என்று மேஸ்திரி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

என் பக்கத்து ஸ்டூல் அவளுடையது. அவள் என்னைப்போல இல்லை. உட்கார்ந்தால் சாப்பாட்டு மணிக்குத்தான் எழுவாள். கண் வரைவது மட்டும் அவளிடம்தான் போகும், ஏனென்றால் இரண்டு கண்ணும் ஒரே திசையில் பார்ப்பது அவள் கையில்தான் நடக்கும். அப்பா நல்லூர்ப் பக்கம் நிலத்தோடு இருந்தார். அவளும் அம்மாவும் ஊருக்குள் வாடகை வீட்டில். என் வீட்டுக்கு அடுத்த தெரு.

அவளுக்கு ஒருமுறை கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனது. பூ வைத்து, பத்திரிகை அடித்து, எங்களுக்கெல்லாம் பத்திரிகை கொடுத்தும் ஆகிவிட்டது. அதன்பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து தரகர் வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் நின்ற கல்யாணத்துக்கு ஊர் தானாகவே காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும். பல நாள் அவள் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அழுவாள் என்று பயம். அவளும் சொல்லவில்லை. பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு அன்றைக்கே கண் வரையத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த வருடம் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை உரக்கடையில் வேலை. அப்பா அம்மா இல்லை, ஒரே அக்கா, அவர்தான் வளர்த்தவர். பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. முன்பு நின்றுபோனதைப் பற்றி இவள் அம்மா, "ஒரு இடம் வந்துச்சிங்க, அமையல" என்று மட்டும் சொல்லிவைத்தார். பூ வைத்ததையும் பத்திரிகை அடித்ததையும் சொல்லவில்லை. மகளிடம் தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். நீயாக வாயைத் திறந்து இதைச் சொல்லக் கூடாது. இன்னொரு முறை நின்றால் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. அந்த அம்மா சொன்னதில் தப்பில்லை. இரண்டாம் முறையும் நின்றுபோயிருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாள் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் வராது.

மடல் எழுதும் பொறுப்பு எப்போதும்போல என்னிடம் வந்தது. நிலா கிடையாது, மல்லி கிடையாது, தென்றல் வீசவே வீசாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். என் தோழிக்குப் போடுகிற கவிதை அவளுக்கு மட்டும் பொருந்த வேண்டும். பெயரை மாற்றி இன்னொரு பெண்ணுக்குப் போட முடிந்தால் அது கவிதை இல்லை. அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். பிரிவில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

எங்கள் கையில் இருந்தது களிமண்தான், அதையே எடுத்தேன். கூழாகக் கரைத்த வெள்ளைக் களிமண்ணை அச்சில் ஊற்றுவோம். அச்சிலிருந்து எடுத்ததும் பொம்மை தொட்டால் நசுங்கும், தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். அதைக் காயவைத்து முதல் தடவை சூளையில் வைப்பார்கள். வெளியே வரும்போது கெட்டியாக இருக்கும், ஆனால் பொலிவு இருக்காது. அதற்குப் பிஸ்கட் என்று பேர். பிறகு கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சுப் பாலில் முக்கி மறுபடியும் சூளை. இந்த இரண்டாவது தீயில்தான் மினுமினுப்பு வரும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

விஷயம் கிடைத்துவிட்டது, வார்த்தைதான் கிடைக்கவில்லை. தீயில் வெந்தவள் என்று எழுதினேன். சோற்றுப் பானை வாசனை அடித்தது. சுடப்பட்டவள் என்று போட்டால் செங்கல். தீப்பட்டவள் என்றால் ஐயோ பாவம் என்று தோன்றுகிறது, கல்யாண வீட்டில் யாரும் ஐயோ சொல்லக் கூடாது. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் இருக்கும்போதுகூட வாய் இதையே மென்றுகொண்டிருந்தது. பிரசங்கத்தில் சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கடைசியில் கண்டவள் என்ற வார்த்தை வந்தது. தீ கண்டவள். அதில் வலியும் இருக்கிறது, நேருக்கு நேர் நின்ற நிமிர்வும் இருக்கிறது. நெருப்பு என்று போடவில்லை, அது அடுப்புக்குப் போய்விடும். அக்கினி என்று போடவில்லை, அதற்குள் ஐயரும் மந்திரமும் இருக்கிறார்கள். தீ என்பது ஒற்றை எழுத்து, யாருக்கும் சொந்தமில்லாதது என்று நினைத்தேன். வந்த வரிகள் இவை:

வெண்களிமண்ணாய் வந்தாள்.
ஒரு தீ அவளை உறுதி ஆக்கியது.
மறு தீ அவளை ஒளிரச் செய்தது.
இருமுறை தீ கண்டவளை
இனி எந்த நீரும் கரைக்காது.

எழுதும்போது அந்த நின்றுபோன கல்யாணம் என் நினைவில் இல்லை. என்னை நிற்கவைத்துக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். என் கண்ணில் இருந்தது சூளை மட்டும்தான்.

சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் காட்டினேன். டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்காமல் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். அவள் கண் கலங்கியது எனக்குப் பெருமையாக இருந்தது, என் தமிழ் ஒருத்தியைக் கலங்கவைத்துவிட்டதே என்று.

"இதையே போடுடி. யார் சொன்னாலும் ஒரு வார்த்தகூட மாத்தாத" என்றாள். அவள் எதையும் அப்படி அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று மாலை வரை அந்தத் தாள் அவள் மடியில் இருந்தது.

அச்சகக்காரர் வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னாம்மா, நல்ல காரியத்துல தீ கீன்னு. கூட நாலு மல்லிப்பூவாவது போடு" என்றார். நான் விட்ட டோஸில் வெற்றிலையைத் துப்பிவிட்டு மிஷின் பக்கம் போய்விட்டார். ஆனால் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டு இனிஷியல், ஊர்ப் பேர் எல்லாம் சரிபார்க்க புரூப்பைச் சேத்தியாத்தோப்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. இனிஷியலைப் பார்க்கிறவர்கள் கவிதையையா வாசிக்கப்போகிறார்கள்.

வாசித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுப் படி ஏறும்போது அவள் அம்மா தெருமுனையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "மாப்பிள்ளையோட அக்கா வந்திருக்காங்க. நீ எழுதினத கையில வெச்சிக்கினு உக்காந்திருக்காங்க. சீக்கிரம் வாம்மா" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கோபமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத ஒரு பரபரப்பு.

அந்த அக்கா நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். நல்ல பருத்திப் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. சண்டைக்கு வந்த முகம் இல்லை அது, அதுதான் எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. தோழி சமையல்கட்டு நிலைப்படியில் டம்ளரோடு நின்றாள்.

"நீதான் எழுதினதாம்மா?"

"ஆமாங்கக்கா."

"நல்லாத்தான் எழுதியிருக்க. சண்டைக்கின்னு வரல. இனிஷியல் பாக்கத்தான் எடுத்தேன், பாத்தா இது கண்ணுல பட்டுச்சி." காகிதத்தை மடியில் நீவிவிட்டார். "எங்க வூட்டுக் கல்யாணத்துல தீன்னா ஒரு தீதாம்மா. ஐயரு மூட்டுற தீ. பொண்ணும் புள்ளையும் கையப் புடிச்சிக்கினு அதச் சுத்தி வருவாங்க. ஆயுசுக்கு ஒரு தடவ. இதுல ரெண்டு தடவன்னு போட்டிருக்குது. என் தம்பியும் படிச்சான், ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் மனசு கேக்கல."

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் கல்யாணத்தில் தாலி உண்டு, தீ கிடையாது. பீடத்தில் எரிகிற மெழுகுவர்த்தியை யாரும் சுற்றி வருவதில்லை. அக்கினி என்ற சொல்லைத் தவிர்த்தால் அந்தத் தீயைத் தவிர்த்துவிட்டதாக நினைத்தேன். சேத்தியாத்தோப்பில் நெல் விளைகிறது, பொம்மை வேகவில்லை. கல்யாணக் காகிதத்தில் தீ என்று பார்க்கும் ஒரு பெண்ணுக்கு எந்தத் தீ நினைவுக்கு வரும் என்று இவ்வளவு வார்த்தைகளை மென்று துப்பிய நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அந்த அக்கா என்னை விட்டுவிட்டு நிலைப்படிப் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"நீ சொல்லும்மா. அந்த மொதத் தீ எது?"

தோழி டம்ளரைத் தரையில் வைத்தாள். வாய் திறந்தது. பின்னால் அவள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் பயத்தில் உளறிவிடப்போகிறாள், எல்லாம் கொட்டிவிடப்போகிறது என்று எனக்குப் பதறியது.

"நான் சொல்றங்க்கா" என்று நடுவில் பாய்ந்தேன். "ஒரு நிமிஷம் உக்காருங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் வீட்டு அலமாரியில் கம்பெனியில் கழித்துப்போட்ட கிளி பொம்மைகள் இருந்தன. ஒன்று பிஸ்கட்டிலேயே மூக்கு உடைந்தது, இன்னொன்று கிளேஸ் போட்டும் கோணிப்போனது. இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்த வேகத்தில் செருப்பு ஒன்று வழியில் கழன்றது, அதை எடுக்கவும் நிற்கவில்லை.

அதன்பிறகு அரைமணி நேரம் நான் பேசியதுபோல வாழ்நாளில் பேசியதில்லை. மூக்கு உடைந்த கிளியை என் நாக்கில் வைத்துக் காட்டினேன், ஒட்டிக்கொண்டது. அந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டம்ளர் தண்ணீரை அதன்மேல் விட்டேன், மண் தரை மாதிரி உறிஞ்சியது. "இது மொதத் தீ பாத்தது. உறுதி ஆயிடுச்சி, ஆனா தண்ணி உள்ள போவுது பாருங்க." அடுத்து கோணல் கிளியின் மேல் தண்ணீர் விட்டேன், முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. "இது ரெண்டாவது தீ பாத்தது. இனிமே எந்தத் தண்ணியும் இத ஒண்ணும் பண்ணாது. அதத்தாங்க்கா எழுதினேன்."

அந்த அக்கா கிளியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலைத் தண்ணீரில் தொட்டு அதன்மேல் வைத்துப் பார்த்தார். முகம் இளகிவிட்டது. நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயிக்கிற வாய் எங்கே நிற்கும்.

"அவளப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லக்கா. எல்லாம் பொம்மையப் பத்தித்தான்" என்றேன்.

"அப்ப சரி. நாங்க வயக்காட்டு ஜனம், எங்களுக்கு எங்கம்மா தெரியும் இதெல்லாம்" என்று அந்த அக்கா எழுந்தார். அவள் அம்மா காப்பி போட ஓடினார். காப்பி குடித்து, பூ வாங்கி வைத்துக்கொண்டு, "கல்யாண வேல கெடக்குது, போயிட்டு வரேன்" என்று சொல்லி அவர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். போகும்போது கோணல் கிளியை ஊரில் காட்டுவதற்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கல்யாணத்தை நின்றுபோகாமல் காப்பாற்றிவிட்டேன், அதுவும் கவிதையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல்.

தோழி என்னோடு தெருமுனை வரை வந்தாள். கழன்ற செருப்பை வழியில் தேடி எடுத்தோம். வாய் ஓயாமல் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அவள் நின்றாள்.

"ஏன்டி, அது அவ்ளோதானா?"

"எது?"

"அந்த ரெண்டு தீ. பொம்மை மட்டுந்தானா?"

"பின்ன வேற என்னா?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீ தெரிஞ்சுதான் எழுதினேன்னு நெனச்சேன். அந்தக் கல்யாணம் நின்னப்பறம் ஒருத்தரும் எங்கிட்ட அதப் பத்திப் பேசல. செத்த வூட்டுக்குக்கூட வந்து கேப்பாங்க. எனக்கு நடந்தத ஒருத்தரும் கேக்கல. நீ மட்டும் எழுதிட்டேன்னு நெனச்சேன். மொதத் தீ என்னை உறுதி ஆக்கிச்சின்னு போட்டிருந்த பாரு, அதப் படிச்சப்பறம்தான் எனக்கு அதுல அசிங்கப்பட ஒண்ணுமில்லன்னு தோணிச்சி."

அவள் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அம்மா எங்கிட்ட, நீயா சொல்லக் கூடாதுன்னுதான் சத்தியம் வாங்கினாங்க. கேட்டா சொல்லக் கூடாதுன்னு வாங்கல. அவரு இதப் படிச்சா என்னான்னு கேப்பாரு, அப்ப உள்ளத உள்ளபடி சொல்லிடலாம், மறச்சி வெச்சிக்கினு அந்த வூட்டுக்குள்ள போவக் கூடாதுன்னு இருந்தேன். அவங்க அக்காவே வந்து கேட்டாங்க. நின்னாலும் நிக்கட்டும்னுதான் வாயத் தெறந்தேன். நீ பொம்மைய எடுத்துக்கினு வந்துட்ட."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அது என் பிறவிக் குணம். "அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நீயும் கேக்கலையே" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. செருப்பை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

வீட்டில் சாப்பிட உட்கார முடியவில்லை. மணிமுத்தாற்றுப் பாலம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடியும் நடந்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். எழுதினவளுக்குத் தெரியாத ஒன்று எழுதினதில் எப்படி இருக்கும் என்று எனக்குள் வாதாடிக்கொண்டு போனேன். வார்த்தையைத் தேர்ந்தெடுத்தது நான். வெந்தவளையும் சுடப்பட்டவளையும் தள்ளிவிட்டுக் கண்டவளைப் பிடித்துவந்தது நான். அதற்குள் வலியும் நிமிர்வும் இருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டேன். பொம்மைக்கு ஏது வலி, பொம்மைக்கு ஏது நிமிர்வு? யாரை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தேடியிருப்பேன்? ஒருவேளை என் கைக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. அல்லது எதுவுமே இல்லாமல், அவள் தனக்கு வேண்டியதைத் தன் வாழ்க்கையிலிருந்தே எடுத்து அந்த வரிகளில் வைத்துக்கொண்டாள். எது உண்மை என்று எனக்கு இன்றைக்கும் தீர்மானமில்லை. ஒன்று மட்டும் அன்றைக்கே புரிந்தது. அவள் வைத்ததை நான் எடுத்துவிட்டேன். அந்த அக்காவிடம் ஓடிப்போய், நான் சொன்னது பொய், அதில் அவளும் இருக்கிறாள் என்று சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் நடக்கும். அவளுக்கு எது நல்லது என்று முடிவு செய்ய நான் யார்? ஆனால் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனதும், "அந்த வரிய எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன். அவள் ஒரு பொம்மைக்குக் கண் வரைந்துகொண்டிருந்தாள். "இருக்கட்டும்டி, அச்சு ஓடியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பொம்மையை எடுத்தாள். அன்றைக்கு முழுக்க நான் ஸ்டூலிலிருந்து எழவில்லை. மேஸ்திரி உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் ஐயர் தீ மூட்டினார், இருவரும் கைகோத்து அதைச் சுற்றி வந்தார்கள். புகையில் எல்லோருக்கும் கண் எரிந்தது. தாலி ஏறியதும் என்னை மைக்குக்குக் கூப்பிட்டார்கள். நான் எழுதிய அதே ஐந்து வரிகள், அதே வார்த்தைகள். வாசித்தேன். வழக்கமாக மடலைக் காதில் வாங்காத கூட்டம் அன்றைக்குக் கேட்டது. சேத்தியாத்தோப்பு ஜனம் முழுக்கத் தலையாட்டியது. அந்த அக்கா கோணல் கிளியை எல்லோருக்கும் காட்டி விளக்கிவைத்திருந்தார். "பொம்ம செய்யிற மொறையாம்" என்று பின்வரிசையில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது மேடை வரை கேட்டது. கடைசி வரியில் கைதட்டினார்கள். நான் எழுதியதற்கு அதுவரை யாரும் அவ்வளவு கைதட்டியதில்லை. தட்டத் தட்ட எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

பிரிவில் இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து கண்ணாடிச் சட்டத்தை மேடையில் கொடுத்தோம். மாப்பிள்ளை எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மெலிந்த ஆள், கூச்சம் உள்ளவர். நின்றபடியே ஒருமுறை வாசித்தார். பிறகு என்னிடம், "ரொம்ப நல்லா இருக்குதுங்க. மொத தடவ படிச்சப்ப எனக்கு என்னமோ பண்ணிச்சி. இது என்னா தீ, என்ன நடந்துச்சின்னு இவங்ககிட்டயே கேக்கணும்னு மனசுல வெச்சிருந்தேன்" என்று பக்கத்தில் திரும்பி அவளைப் பார்த்தார். "அதுக்குள்ள அக்கா வந்து சொல்லிட்டாங்க. பொம்மைதானாம்."

அவள் மாலையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆமாங்க" என்றாள் அவரிடம். "பொம்மைதான்."